முகவரி தேடி வரும் மோசடி



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கடிதத்துக்கும் வரலாறு உண்டு. கடிதத்தின் மேல் எழுதும் முகவரிக்கும் வரலாறு உண்டு. அந்த முகவரியைத் தேடிப் பிடித்து, உழைத்துச் சேர்த்தவரின் காசைப் பறிக்கும் மோசடிக்கும் நீண்ட வரலாறு உண்டு. இந்த மூன்றாவது வரலாற்றையே இன்று பார்க்கப் போகிறோம்.

"மரம் சீவுகிறவர்களுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கும் இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 2020ஆம் ஆண்டில் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கல்வி அமைச்சின் டெலிமா தளத்துக்குள் நுழைய நம் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் முகவரி வடிவில் ஓர் அடையாளம் தேவைப்பட்டது. இன்று கல்லூரிக்கு மனுப் போட்டாலும், வேலைக்கு எழுதினாலும், வங்கிக் கணக்கையோ சேமநிதிக் கணக்கையோ கைப்பேசியில் பார்க்க விரும்பினாலும் மின்னஞ்சல் முகவரியைக் கேட்கிறார்கள். ஆகவே லயத்து வீட்டுக்குள்ளும், தோட்டத்தை விட்டுக் குடிபெயர்ந்த தாமான் வீட்டுக்குள்ளும், இமெயில் என்று நாம் சொல்லும் மின்னஞ்சல் வந்துவிட்டது. அதன் பின்னாலேயே மோசக்காரனும் வந்துவிட்டான்.

முதலில் நம் பழைய முகவரியை நினைத்துப் பார்ப்போம். இன்ன தோட்டம், இன்ன டிவிஷன், இன்ன ஊர் என்று எழுதினால் போதும். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து சேரும். கிராணியார் கையிலிருந்து அது வீட்டுக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ வாத்தியாரையோ கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள். ஒரு கடிதத்தை வீட்டுக்காரர் காதால் கேட்பதற்குள் மூன்று பேர் கண்ணாவது அதன் மேல் பட்டிருக்கும். அறிமுகம் இல்லாத ஒருவன் பணம் கேட்டு எழுதியிருந்தால், "யார் இவன்? உங்களுக்குச் சொந்தமா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விதான் அக்காலத்துக் காவல். இன்று கடிதம் நேரே சட்டைப் பைக்குள் இருக்கும் கைப்பேசிக்கு வருகிறது. நடுவில் கேட்பதற்கு ஆள் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கடித மோசடி ஐரோப்பாவில் தபால் வசதி பெருகிய காலத்திலேயே பெருகிவிட்டது. பிரான்சு நாட்டில் விடோக் என்று ஒருவர் இருந்தார். இளமையில் சிறைக்கைதி, பிற்காலத்தில் பாரிசு நகரத்துக் குற்றப் புலனாய்வுக்கே தலைவர். பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய காலத்தில் கைதிகள் சிறைக்குள் இருந்தபடியே செய்த ஒரு தொழிலை அவர் எழுதி வைத்திருக்கிறார். வெளியூர்ப் பணக்காரர்கள் சிலரின் முகவரியை முதலில் எப்படியாவது திரட்டிக்கொள்வார்கள். பிறகு, "நான் ஒரு பிரபுவின் வேலைக்காரன். தப்பி ஓடும் வழியில் நகைப்பெட்டியை ஓரிடத்தில் புதைத்து வைத்தேன். இப்போது சிறையில் கிடக்கிறேன். சிறிது பணம் அனுப்பினால் பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்கிறேன்" என்கிற பாணியில் எழுதுவார்கள். இப்படி நூறு கடிதம் போனால் இருபதுக்குப் பதில் வந்ததாம்.

கவனியுங்கள், நேயர்களே! நகைப்பெட்டி பொய், பிரபு பொய், அந்தத் தொழிலில் மெய்யான பொருள் ஒன்றே ஒன்று. அது முகவரி.

அதே கதை பிறகு "ஸ்பெயின் நாட்டுக் கைதி" என்ற பெயரில் உலகம் சுற்றியது. ஸ்பெயின் சிறையில் ஒரு செல்வந்தர் வாடுகிறார்; அவரை மீட்கச் சிறிது பணம் வேண்டும்; மீண்டு வந்தால் பெரும்பங்கு உங்களுக்கு. அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1898ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே, பழைய மோசடி மறுபடியும் கிளம்பியிருக்கிறது என்று மக்களை எச்சரித்தது. 1898இலேயே அது பழையது!

ஆனால் அக்காலத்து மோசக்காரனுக்கு ஒரு செலவு இருந்தது. பிரிட்டனில் 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பென்னி விலையுள்ள தபால்தலை புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவரே கட்டணம் செலுத்தினார். தபால்தலை வந்ததும் அனுப்புகிறவர் முன்பணம் கட்டும் வழக்கம் நிலைத்தது. ஆயிரம் பேருக்கு எழுத ஆயிரம் தபால்தலை வேண்டும்; உறையும் தாளும் வேண்டும்; எழுதக் கை வேண்டும். அந்தச் செலவே மோசடிக்கு ஒரு வேலியாக நின்றது.

வேலியைத் தாண்டவும் வழி கண்டார்கள். 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஒரு சங்கிலிக் கடிதம் கிளம்பியது. பட்டியலின் முதலில் உள்ளவருக்குப் பத்துக் காசு அனுப்பு. அவர் பெயரை அடித்துவிட்டு உன் பெயரைக் கடைசியில் சேர். அப்படியே பல பேருக்கு அனுப்பு. உனக்குப் பெரும்பணம் வந்து சேரும் என்பது அதன் சாரம். கடிதங்கள் வந்து குவிந்ததில் அந்நகரத் தபால் நிலையமே திணறியது. இங்கே ஏமாற்றுகிறவன் தபால்தலை வாங்கவில்லை. ஏமாறுகிறவர்களே தங்கள் காசில் வாங்கி ஒட்டினார்கள். இத்தனை பேருக்கு எழுதினால் நன்மை வரும், கிழித்துப் போட்டால் தீமை வரும் என்று சாமி பெயரில் வந்த அஞ்சலட்டைகளை நம் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். அதுவும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான்.

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையே, வலைப்பின்னல் வழியாக முதல் மின்மடலை அனுப்பினார். ஆளின் பெயரையும் அவர் பயன்படுத்தும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி வேண்டியிருந்தது. தட்டச்சுப் பலகையில் இருந்த 'அட்' குறியை எடுத்துக்கொண்டார். வட்டத்துக்குள் அடைபட்ட 'ஏ' எழுத்தைப் போன்ற அந்தக் குறி, இன்று உலகத்து மின்னஞ்சல் முகவரிகள் அனைத்திலும் இருக்கிறது.

அன்றைய வலைப்பின்னலான ஆர்ப்பாநெட் ஒரு சிறு கம்பத்தைப் போன்றது. பல்கலைக்கழகத்தாரும் அரசாங்க ஆய்வாளர்களுமே அதில் இருந்தார்கள். ஒருவரையொருவர் தெரியும், கதவைப் பூட்டத் தேவையில்லை என்று நினைத்தார்கள். ஜான் போஸ்டல் என்ற அறிஞர் மட்டும் 1975ஆம் ஆண்டு நவம்பரிலேயே ஒரு குறிப்பு எழுதினார். வேண்டாத மடல்களைக் குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து வாங்க மறுப்பதற்கு நம் கணினிகளில் வழியே இல்லையே என்று சுட்டிக்காட்டினார்.

மூன்றே ஆண்டில் அவர் அஞ்சியது நடந்தது. 1978 மே 3ஆம் நாள், ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளரான கேரி துர்க் என்பவர், புதிய கணினி வகையைப் பார்க்க வாருங்கள் என்று ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பர மடல் அனுப்பினார். முகவரிகள் எங்கிருந்து கிடைத்தன? வலைப்பின்னலில் இருந்தவர்களின் பெயர்களை அச்சிட்டு வைத்திருந்த முகவரிப் புத்தகத்திலிருந்து! நல்ல எண்ணத்தோடு அச்சிட்ட புத்தகம் விளம்பரக்காரர் கையில் கருவியாயிற்று. கண்டனம் பலமாக எழுந்தது. ஆனால் அந்த மடலால் நல்ல விற்பனை நடந்ததாகத் துர்க் பிற்காலத்தில் சொன்னார். கண்டனத்தைவிட அந்த விற்பனைச் செய்திதான் மற்றவர்கள் காதில் விழுந்தது.

இத்தகைய குப்பை மடலுக்கு 'ஸ்பேம்' என்று பெயர். 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டப்பா இறைச்சியின் பெயர் அது. 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைக் காட்சி ஒன்றில், எந்த உணவைக் கேட்டாலும் அதோடு ஸ்பேமும் வரும். மற்றப் பேச்செல்லாம் அந்தக் கூச்சலில் அமுங்கிப் போகும். பயனுள்ள பேச்சை அமுக்குகிற வேண்டாத சத்தம் என்ற பொருளில் கணினிக்காரர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

1982ஆம் ஆண்டில் மின்னஞ்சலை ஒரு கணினி மற்றொன்றுக்குக் கைமாற்றும் பொது விதிமுறை எழுதப்பட்டது. எழுதியவர் அதே ஜான் போஸ்டல். எளிமையான, திறமையான விதிமுறை. ஆனால் அனுப்புகிறவர் தம் பெயர் என்று எதை எழுதினாலும் அது உண்மைதானா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. கடித உறையின் பின்புறம் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் எழுதலாம் அல்லவா? அதைப் போலத்தான். பிற்காலத்தில் சோதனை முறைகளைச் சேர்த்தார்கள்; எனினும் பொய்ப்பெயர் இன்னும் முழுதாக ஒழியவில்லை.

ஆக, இரண்டு வேலிகள் விழுந்துவிட்டன. தபால்தலைச் செலவு போயிற்று. அனுப்புநர் யார் என்ற உறுதி போயிற்று. மோசக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஸ்பெயின் கைதி உடை மாற்றிக்கொண்டு வந்தார். 1980களில் நைஜீரியாவிலிருந்து அதிகாரிகள் எழுதுவதாகக் கடிதங்கள் பல நாடுகளுக்குப் போயின. "பெரும்தொகை முடங்கிக் கிடக்கிறது, வெளியே கொண்டுவர உங்கள் உதவி வேண்டும், முதலில் சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்பதே செய்தி. பின்னர் தொலைநகலிலும் மின்னஞ்சலிலும் அதே செய்தி வந்தது. இதற்கு '419 மோசடி' என்று பெயர். நைஜீரியாவின் குற்றவியல் சட்டத்தில் மோசடியைத் தண்டிக்கும் பிரிவின் எண் அது. அந்நாட்டுச் சட்டமே கண்டிக்கிற குற்றத்துக்காக அந்நாட்டு மக்களைப் பழிப்பது நியாயமன்று.

1990களின் நடுவில் வேறொரு வகை தோன்றியது. நிறுவனத்தின் அதிகாரி பேசுவதாக நடித்து மறைச்சொல்லைக் கேட்டு வாங்குவது. தூண்டிலில் இரையைக் கோத்து மீன் பிடிப்பது போன்றது என்பதால் 'பிஷிங்' என்றார்கள். இன்று வங்கியின் பெயரிலும், வருமான வரி அலுவலகத்தின் பெயரிலும், அரசு உதவித்தொகையின் பெயரிலும் வரும் போலி மடல்கள் எல்லாம் இந்தத் தூண்டில்தான்.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் மற்றொரு பாடம் கிடைத்தது. "நான் உன்னை நேசிக்கிறேன்" என்ற தலைப்போடு ஒரு மடல் மணிலாவிலிருந்து கிளம்பியது. இணைப்பைத் திறந்தவரின் கணினியில் இருந்த முகவரிப் பட்டியலை எடுத்து, அதில் உள்ளவர்களுக்கெல்லாம் அவர் பெயரிலேயே தன்னை அனுப்பிக்கொண்டது. ஒரு சில நாளில் உலகெங்கும் பல லட்சம் கணினிகள் பாழாயின. பிலிப்பீன்சில் அப்போது இதற்குத் தகுந்த சட்டம் இல்லாததால், சந்தேகிக்கப்பட்டவரைத் தண்டிக்க முடியவில்லை. அடுத்த மாதமே சட்டம் கொண்டுவந்தார்கள். தெரிந்தவர் பெயரில் வருவதெல்லாம் தெரிந்தவர் அனுப்பியதாகாது. இதுவே அந்த ஆண்டின் பாடம்.

'இவ்வளவு பேர் விழிப்பாக இருக்கும்போது மோசக்காரனுக்கு எப்படிக் கட்டுபடியாகிறது?' என்று கேட்கத் தோன்றும். 2008இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு குப்பை மடல் கூட்டத்தின் அமைப்புக்குள் புகுந்து கணக்கெடுத்தார்கள். 26 நாளில் ஏறத்தாழ 35 கோடி மருந்து விளம்பர மடல்கள் போயின. வாங்க முன்வந்தவர்கள் 28 பேர்! விடோக் காலத்தில் நூற்றுக்கு இருபது. இங்கே ஒரு கோடிக்கு ஒருவர்கூட இல்லை. இருந்தும் தொழில் நடக்கிறது; ஏனென்றால் அனுப்பச் செலவில்லை. ஆகவேதான் அவனுக்கு முகவரி கோடிக்கணக்கில் வேண்டும். நம்முடையதும் வேண்டும்.

மற்றோர் உண்மையும் உண்டு. "அந்த மடலைப் பார்த்தாலே பொய் என்று தெரிகிறதே, ஏன் இப்படி எழுதுகிறார்கள்?" என்று நாம் சிரிக்கிறோம். 2012இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நம்ப மாட்டாதவர்கள் முதலிலேயே விலகிப் போகட்டும். அதையும் நம்பிப் பதில் எழுதுகிறவரிடம் மட்டும் நேரத்தைச் செலவிடலாம் என்பதுதான் கணக்கு. ஆகையால் பதில் எழுதுவதே ஆபத்து. திட்டி எழுதினாலும் "இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்" என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகும்.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. குப்பை மடலைக் கட்டுப்படுத்த அமெரிக்கா 2003இலும் சிங்கப்பூர் 2007இலும் சட்டம் இயற்றின. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அறிவியலும் கை கொடுத்தது. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதிய கணக்கு முறை, அவர் மறைந்த பின் 1763இல் அச்சாயிற்று. எந்தெந்தச் சொற்கள் சேர்ந்து வந்தால் ஒரு மடல் குப்பையாக இருக்கக்கூடும் என்று பிரித்தறிய, 1998 முதல் ஆய்வாளர்கள் அந்தக் கணக்கையே பயன்படுத்தினார்கள். நம் மின்னஞ்சலில் 'ஸ்பேம்' என்று தனிப்பெட்டி இருப்பது இத்தகைய முயற்சிகளால்தான்.

ஆனால் சல்லடைக்கும் ஓட்டை உண்டு. சட்டத்துக்கும் எல்லை உண்டு. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு இறுதியில், ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் 790 பேர், மொத்தம் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தார்கள். அதன் பின்னர் 2022 ஜனவரியில், வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் தொட்டுத் திறக்கும் இணைப்புகளை வைக்கக்கூடாது என்று வங்கிகளுக்கு அந்நாட்டு நாணய ஆணையம் உத்தரவிட்டது. படித்தவர் நிறைந்த நகரத்திலேயே இந்த நிலை என்றால், முப்பது ஆண்டு பால் வெட்டிச் சேர்த்த சேமநிதியை ஒரே தொகையாகக் கையில் வாங்குகிற நம் பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்தப் பணம் ஒரே இரவில் போனால், திரும்பச் சேர்க்க இன்னொரு முப்பது ஆண்டு கிடையாது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? வரலாறே வழி காட்டுகிறது.

மோசக்காரனுக்கு முதலில் தேவை முகவரி. ஆகவே முகவரியை வாரி இறைக்கக் கூடாது. இரண்டு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, சேமநிதி, பள்ளி, அரசாங்கம் இவற்றுக்கு ஒன்று. அதை வேறெங்கும் தர வேண்டாம். கடை, பரிசுக் குலுக்கல், விளையாட்டு இவற்றுக்கு மற்றொன்று. பேரங்காடியில் கார் பரிசு என்று நீட்டும் தாளில் பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் எழுதும் முன், இதை வாங்குகிறவர் யாரிடம் கொடுப்பார் என்று ஒரு கணம் யோசியுங்கள். பலருக்கு ஒரே மடலை அனுப்பும்போது, முகவரிகளை 'மறைநகல்' பகுதியில் போடுங்கள். நம் கவனக்குறைவால் உறவினர் முகவரி வெளியே போகக் கூடாது.

அனுப்புநர் பெயரை நம்பக் கூடாது. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் முழு முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மலேசிய அரசாங்க முகவரி 'ஜி-ஓ-வி புள்ளி எம்-ஒய்' என்று முடியும். அதுவும் சரியாகத் தோன்றினாலும், பணம் அல்லது மறைச்சொல் கேட்டால் மடலில் உள்ள எண்ணை அழைக்காமல், வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணை அழைத்துக் கேளுங்கள். அல்லது நேரில் போய்க் கேளுங்கள். இணைப்பைத் தொடாதீர்கள். வங்கி அனுப்பும் டி.ஏ.சி. எண்ணை, பெற்ற பிள்ளையைப் போல் கெஞ்சிக் கேட்டாலும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

மின்னஞ்சலின் மறைச்சொல்லை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். மற்றக் கணக்குகளின் மறைச்சொல் மறந்துபோனால் புதியதைப் பெறும் வழி பல வேளைகளில் மின்னஞ்சலுக்கே வருகிறது. ஆகவே அது ஒரு பெட்டியின் சாவி மட்டுமன்று. சாவிக் கொத்து முழுவதும் தொங்கும் ஆணி. கைப்பேசியில் இரட்டைச் சரிபார்ப்பு வசதியைப் போட்டுத் தரும்படி விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

எல்லாம் மீறித் தவறு நடந்துவிட்டால், வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். மோசக்காரனுக்குப் பெரிய துணை நம் வெட்கம்தான். உடனே வங்கியை அழையுங்கள். மலேசியாவில் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தேசிய மோசடி நடவடிக்கை மையம் தொடங்கப்பட்டது. அதன் எண் 997. சிங்கப்பூரில் மோசடி பற்றிய உதவிக்கு 1799. பிறகு போலீசில் புகார் செய்யுங்கள், மறைச்சொல்லை மாற்றுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

ஆசை, அச்சம், அவசரம் ஆகிய மூன்றுதான் இத்தனை நூற்றாண்டுகளாக மோசக்காரன் பிடிக்கும் கயிறு. "பரிசு விழுந்திருக்கிறது" என்பது ஆசை. "கணக்கு முடக்கப்படும்" என்பது அச்சம். "இன்றே, இப்போதே" என்பது அவசரம். இந்த மூன்றில் ஒன்று மடலில் தென்பட்டால், கைப்பேசியைக் கீழே வையுங்கள். பிறகு, நம் தாத்தா பாட்டி செய்ததைச் செய்யுங்கள். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு அந்த மடலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளே, அப்பா அம்மா கேட்டால் சலித்துக்கொள்ளாமல் படித்துச் சொல்லுங்கள். "யார் இவன்? நமக்குச் சொந்தமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், பாதி மோசடி அங்கேயே அற்றுப் போகும்.